ஐசோட்ரெட்டினாயின் சாப்பிட்டவங்க கொஞ்சம் சொல்லுங்க

மதுரைப் பக்கத்து உறவுகளே, ஒரு உதவி. தம்பிக்கு முகம், முதுகெல்லாம் கட்டி கட்டியா பரு, தழும்பும் விழுது. டாக்டர் ஐசோட்ரெட்டினாயின் தினம் 20 மி.கி. எழுதியிருக்கார். எடை 60 கிலோ. கிலோவுக்கு 120 மி.கி. கணக்குல மொத்தம் 7200 மி.கி., கிட்டத்தட்ட ஒரு வருஷம். இதே டோஸ்ல முழுசா முடிச்சவங்களுக்குப் பரு திரும்ப வந்துச்சா?

பெரிய கவலை வேற. விடியுறதுக்கு முன்னாடி நிலக்கோட்டையிலிருந்து மாட்டுத்தாவணிக்குப் பூ ஏத்திட்டு வண்டி ஓட்டுறான். இந்த மருந்து இருட்டுல பார்வையைக் குறைக்கலாம், கண்ணையும் காய வைக்கும். ராத்திரி வண்டி ஓட்டுறவங்க யாருக்காவது அப்படி ஆச்சா? டாக்டர் டோஸைக் குறைச்சாரா, நிறுத்தச் சொன்னாரா?

மாத்திரையை மதியம் முட்டை, மீன் குழம்புச் சாப்பாட்டோட போடுறான். கொழுப்பு இருந்தாத்தான் உடம்புல ஒழுங்கா ஏறும்; வெறும் வயித்துல காபியோட போட்டா பாதி வீண். ஈரல், கொழுப்பு ரெண்டுக்கும் ரத்த டெஸ்ட் எடுத்தாச்சு. பழைய டாக்ஸிசைக்ளின் (ஆன்டிபயாடிக் மாத்திரை) மிச்சம் இருந்ததைத் தூக்கிப் போட்டாச்சு, ரெண்டும் சேர்ந்தா மூளையில அழுத்தம் கூடும். வைட்டமின் ஏ மாத்திரையும் கூடாது.

இதைப் படிக்கிற தங்கச்சிங்க டாக்டர் இல்லாம இதைத் தொடவே தொடாதீங்க. கர்ப்பத்துல குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும். நிறுத்தி ஒரு மாசம் வரைக்கும் கர்ப்பம் கூடாது. ரத்த தானமும் அதே கணக்குதான்.

தம்பிக்கு வாய் ஓரம் வெடிச்சு, கொட்டாவி விட்டாலே ரத்தம் கசியுது. வாசலின் ஒரு மணி நேரம்கூட நிக்கல. நம்மூர் வெயில்ல வேர்த்தாலும் கண்ணுல வழியாத சன்ஸ்கிரீன் ஜெல்லா, கிரீமா?