லும்பினி பூங்காவில் பத்தடி உடும்பா?

காட்டுப்பூச்சி:
'பாங்காக், முதல் பார்வை' என்று ஊர்சுற்றி போட்ட பதிவைப் படித்தேன். சாவ்பிரயா ஆற்றுப் படகு, ஸ்கைடிரெயின், ராத்திரியெல்லாம் தூங்காத தெருக்கள், எல்லாம் சரி. அதோடு நிறுத்தியிருக்கலாம். 'லும்பினி பூங்கா ஏரிக்கரையில் பத்தடி உடும்புகள் சர்வசாதாரணமாகத் திரிகின்றன' என்று ஒரு வரி. பத்தடியா? அது நீர் உடும்பு. நன்றாக வளர்ந்தது ஐந்து, ஆறு அடி இருக்கும். ஏழடியைத் தாண்டினாலே பெரிய விஷயம். படிக்கிற நாலு பேர் இதை நம்பி நாற்பது பேரிடம் சொல்வார்கள்.

ஊர்சுற்றி:
நேரில் பார்த்தவன் நான். சாயங்காலம் ஆறு மணிக்கு தேசிய கீதம் ஒலித்ததும், ஓடிக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் அப்படியே நின்றார்கள். அப்போதுதான் அது கரையேறியது. ஒருவரையும் சட்டை செய்யவில்லை. பிளந்த நாக்கை நீட்டி நீட்டி இழுத்துக்கொண்டே போய், புல்லில் கிடந்த செத்த மீனை அப்படியே விழுங்கியது. தலை புதருக்குள், வால் நுனி இன்னும் தண்ணீரில். பத்தடி இருந்தது.

காட்டுப்பூச்சி:
தலை புதருக்குள், வால் தண்ணீரில். அப்புறம் எதைப் பார்த்து அளந்தீர்கள்? உடும்பு நீளத்தில் பாதிக்கு மேல் வால்தான். பயந்த கண்ணுக்கு அது நீண்டுகொண்டே போகும்.

ரயில்பிரியன்:
அது உலகிலேயே பெரிய உடும்பான கொமோடோ டிராகனாக இருக்கலாமே?

காட்டுப்பூச்சி:
கொமோடோ இந்தோனேசியாவில் சில தீவுகளில் மட்டும்தான் இருக்கிறது. அதுவே சுமார் பத்தடி வரைதான் வளரும். பாங்காக் பூங்காவில் அதே அளவில் உடும்புகள் சர்வசாதாரணமாம்! எழுதுமுன் ஒரு நிமிடம் யோசிக்க வேண்டாமா?

நீலாம்பரி:
அண்ணா, இலங்கையில் கண்டியில் கிடைத்த நீர் உடும்பு 3.21 மீட்டர் என்று பதிவாகியிருக்கிறது. பத்தரை அடி. ஊர்சுற்றி சொன்னது நடக்காத காரியம் இல்லை.

காட்டுப்பூச்சி:
அம்மா, அது சாதனை அளவு! அதனால்தான் எல்லோரும் இன்றைக்கும் அதையே சொல்கிறார்கள். 'சர்வசாதாரணமாக' என்ற சொல்லைத்தானே நான் கேட்கிறேன்?

சிலோம்வாசி:
தினமும் அந்த வழியாக நடக்கிறவன் சொல்கிறேன். நீளத்தை விடுங்கள். நாம் சீண்டாதவரை அவை நம் பக்கமே திரும்பாது. ஏரியில் செத்ததைத் தின்று சுத்தம் செய்வதே அவைதான். தாய்லாந்து சட்டப்படி பாதுகாக்கப்பட்ட உயிரினமும் கூட.

ரயில்பிரியன்:
ஆபத்தில்லை என்றால் 2016ல் நகர நிர்வாகம் ஏன் பிடித்துக்கொண்டு போனது?

சிலோம்வாசி:
எண்ணிக்கை கூடிவிட்டது, பூச்செடிகள் நாசம், சைக்கிள் ஓட்டுகிறவர்கள் மிரண்டார்கள். ராட்சபுரி மாகாணத்துக்குக் கொண்டுபோனார்கள். எல்லாவற்றையும் இல்லை, ஒரு பகுதியை மட்டும். செய்தியை முழுசாகப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

ரயில்பிரியன்:
நீங்கள் அங்கே குடியிருந்தால் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாதா? அந்த ஊரில் வீட்டுக்குள் மலைப்பாம்பு வந்தால் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். அதையும் ஆபத்தில்லை என்பீர்களா?

சிலோம்வாசி:
பாம்பைப் பற்றி இங்கே யார் பேசினார்கள்?

ஊர்சுற்றி:
காட்டுப்பூச்சிக்கு என் மேல் பழைய கோபம். பினாங்கு பதிவிலும் குரங்கைப் பற்றி ஒரு வரி எழுதியதற்கு இப்படித்தான் வகுப்பெடுத்தார். புதிதாக ஒரு ஊருக்குப் போகிறவன் வியப்பில் எழுதுகிறான். இவர் அளவுநாடாவோடு வருகிறார்.

காட்டுப்பூச்சி:
பினாங்கிலும் தப்பாகத்தான் எழுதினீர்கள், சொன்னேன். இன்றைக்கும் சொல்வேன். வியப்புக்கு ஆறடி போதாதா? லட்சக்கணக்கான பேர் வாழும் நகரத்தின் நடுவில், அலுவலகக் கட்டடங்களின் நிழலில், ஆறடி உடும்பு வெயில் காய்கிறது. அதை உள்ளபடி எழுதினாலே ஆச்சரியம்தான். நாலடி கூட்டிச் சொன்னால், போகிறவன் அங்கே ஆறடியைப் பார்த்து 'இவ்வளவுதானா' என்பான். அந்தப் பிராணிக்குச் செய்கிற அநியாயம் இது.

நீலாம்பரி:
ஆனாலும் கண்டியில் 3.21...

காட்டுப்பூச்சி:
மறுபடியும் கண்டியா? பாங்காக்கில் பத்தடி காட்டுங்கள், பேசுவோம்.

ஊர்சுற்றி:
போட்டோ இருக்கிறது. உங்களுக்குக் காட்ட வேண்டிய அவசியம் எனக்கில்லை.

காட்டுப்பூச்சி:
அந்த ஏரியில் மிதிபடகு விடுகிறார்கள். படகும் உடும்பும் பக்கத்தில் பக்கத்தில் தெரிகிற மாதிரி ஒரு படம் போடுங்கள். நானே அளந்து சொல்கிறேன்.

ஊர்சுற்றி:
பத்தடிதான்.