‘எக்ஸ்ப்ளெயின் மீ’ ஏன் தவறு? ஆங்கிலம் கற்பிப்பவர்கள் உதவுங்கள்

வணக்கம். பெரம்பூரில் எங்கள் வீட்டு மாடியில், வேலைக்குப் போகும் பெண்கள் ஆறு பேருக்கு மாலையில் ஆங்கிலம் சொல்லித்தருகிறேன். ஓர் இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

‘கேன்’, ‘வில்’, ‘குட்’ ஆகியவற்றுக்குப் பின் வினையின் அடிவடிவம் வரும் என்பதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘தர முடியும்’ என்று நமக்குக் கடைசியில் வருவது அங்கே முன்னால் வருகிறது, அவ்வளவுதான். செயப்படுபொருள் இரண்டு வரும்போதுதான் தடுமாற்றம். ‘உனக்குப் புத்தகத்தைத் தருவேன்’, ‘புத்தகத்தை உனக்குத் தருவேன்’ இரண்டும் தமிழில் சரி. வேற்றுமை உருபு காப்பாற்றிவிடுகிறது. ஆங்கிலத்தில் ‘ஐ வில் கிவ் யூ தி புக்’ என்று பெறுபவர் முதலில் வர வேண்டும். பொருளை முன்னால் வைத்தால் ‘டு’ தேவை. ‘பை’, ‘குக்’ போன்ற வினைகளுக்கு ‘ஃபார்’.

நேற்று, ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண் ஒருவர் நோட்டில் ‘குட் யூ எக்ஸ்ப்ளெயின் மீ தி பில்?’ என்று எழுதியிருந்தார். ‘எக்ஸ்ப்ளெயின் தி பில் டு மீ’ என்று சிவப்பு மையில் திருத்தினேன்.

“‘டெல் மீ’ சரி என்றால் இது மட்டும் ஏன் கூடாது, அக்கா?”

லத்தீன் வழி வந்த வினைகள் பெரும்பாலும் இந்த அமைப்பை ஏற்பதில்லை என்றேன். ஆனால் ‘ப்ராமிஸ்’ என்பதும் லத்தீன் வழி வந்ததுதான், அது ஏற்கிறதே! நியாயமாகக் கேட்ட பெண்ணிடம் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

நீங்கள் வகுப்பில் இதை எப்படி விளக்குகிறீர்கள்? கடை, வங்கி, மருத்துவமனையில் பேசும் பயிற்சி வாக்கியங்கள் இருந்தால் சனிக்கிழமைக்குள் பகிருங்கள். ‘யூ வில் பி கிவன் எ ரசீட்’ போன்ற செயப்பாட்டு வாக்கியங்களும் அதில் இருந்தால் மிகவும் உதவும்.