தாயக்கட்டையில் ஒரு கதை விளையாட்டு: திறமைக்கு எண் கூட்டினால் ஆட்டம் கெடுகிறது

முதுநகர்ச் சித்தி:
அக்கா பிள்ளைகள் நாலு பேரும் மே மாதம் முழுக்கக் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டில்தான் இருப்பார்கள். அவர்களுக்காக ஆளுக்கொரு பாத்திரமாக நடிக்கும் கதை விளையாட்டு ஒன்றை எழுதி வருகிறேன். போன வருடம் புதுச்சேரி பக்கத்தில் பழைய துறைமுகம் இருந்த அரிக்கமேட்டுக்குக் கூட்டிப் போனேன். 1945ல் தொல்லியல் ஆய்வாளர் வீலர் தோண்டிய இடம், ரோமானியச் சாடிகள் கிடைத்த இடம் என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். மேட்டையும் இடிந்த சுவரையும் பார்த்ததும் பிள்ளைகள் முகம் வாடிவிட்டது. சரி, அந்தத் துறைமுகத்தை வீட்டுத் திண்ணையிலேயே எழுப்பிவிடலாம் என்று தொடங்கியதுதான் இது. பெரியவள் கண்ணாடி மணி செய்கிறவள், அடுத்தவன் படகோட்டி, மூன்றாமவள் துணி வியாபாரி, கடைக்குட்டி யவனர் பேச்சு தெரிந்தவன்.

உருட்டுவது பாட்டியின் பித்தளைத் தாயக்கட்டை. 4 அல்லது அதற்கு மேல் விழுந்தால் காரியம் முடியும். திறமை இருந்தால் விழுந்ததோடு 1, 2 அல்லது 3 கூட்டிக்கொள்ளலாம். மூன்றாம் நாள் படகோட்டியின் திறமை 3 ஆனது. அதற்குப் பிறகு படகு விஷயத்தில் அவன் தோற்கவே இல்லை. "நான் உருட்டணுமா சித்தி?" என்று கேட்டான். ராத்திரி முழுக்க அதே நினைப்பு.

இன்னொன்று. என் விதிப்படி 1 விழுந்தால் தோல்வி. தாயம் விழுந்ததும் துள்ளிக் குதிக்கிற பிள்ளைகளிடம் அதை எப்படிச் சொல்வது?

கெடிலக்கரை:
எண்ணிப் பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். ஒரு கட்டையில் 0, 1, 2, 3. இரண்டிலும் 0 விழுந்தால் 12. இரண்டு கட்டைக்கு 16 விதம். அதில் 3 நாலு விதமாக விழும். 2, 4 மூன்று விதமாக. 1, 5 இரண்டு விதமாக. 6, 12 ஒவ்வொரு விதமாக. ஆக, 4 அல்லது அதற்கு மேல் விழுவது 16ல் 7. ஒன்று கூட்டினால் 11, இரண்டு கூட்டினால் 14, மூன்று கூட்டினால் 16. பையன் கேட்டது நியாயமான கேள்விதான்!

இந்த மாதிரிக் கதை விளையாட்டுகளில் உருட்டும் இருபது முகப் பகடையில் ஒன்று கூட்டினால் 5 சதவீதம்தான் ஏறும். அந்த விதியை இவ்வளவு சின்னக் கட்டைக்குக் கொண்டு வரக் கூடாது. கூட்டலை எடுத்துவிடுங்கள். திறமை எத்தனையோ அத்தனை முறை மறுபடி உருட்டட்டும். ஒருமுறை என்றால் வெற்றி 68 சதவீதம், இரண்டு முறை 82, மூன்று முறை 90. முழு நூறு ஒருநாளும் ஆகாது.

பாகூர் ஏரி:
தாயத்தைத் தோல்வி ஆக்காதீர்கள் அக்கா, அது நம் கை பழகிய எண். தாயம் விழுந்தால்தானே காய் இறங்கும்? இங்கேயும் அப்படியே வையுங்கள். தாயம் விழுந்தால் கேட்ட காரியம் நடக்காது, ஆனால் புதிதாக ஒரு வழி திறக்கும். அது என்ன வழி என்று உருட்டியவரே சொல்லட்டும். எட்டுக்கு ஒருமுறைதான் வரும், கதை தறிகெட்டுப் போகாது.

ஒரு சந்தேகம்: உயிருக்கு என்ன கணக்கு? எங்கள் வீட்டில் ஆட்டத்தில் முதலில் செத்த பிள்ளை ஒரு மணி நேரம் மூலையில் உட்கார்ந்து அழுதது.

முதுநகர்ச் சித்தி:
இரண்டையும் நேற்றே ஆடிப் பார்த்தோம். படகோட்டி முகத்துவாரத்தில் மணல்திட்டைச் சுற்றிப் போக உருட்டினான், தாயம் விழுந்தது. மறுபடி உருட்டலாம், அல்லது தாயத்தை வைத்துக்கொள்ளலாம் என்றேன். வெகுநேரம் யோசித்தான். அப்புறம் உருட்டாமல், "படகு தட்டி நிக்குது, ஆனா மணலுக்குள்ள ஒரு சாடி வாய் தெரியுது" என்றான். நான் எழுதி வைத்த எதிலும் அந்தச் சாடி இல்லை. அதை வைத்தே இரண்டு மணி நேரம் ஓடியது.

உயிருக்கு ஆளுக்கு ஏழு புளியங்கொட்டை. தீர்ந்தவரை வெளியே உட்கார வைப்பதில்லை, அவர் காற்றாகிவிடுவார். வாடை அடிக்கிறதா தென்றலா என்று அவர்தான் சொல்வார். துணி வியாபாரி நேற்றே காற்றாகிவிட்டாள், இன்றைக்கும் காற்றாகவே இருக்கட்டுமா என்று காலையிலேயே வந்து கேட்டாள்.