முட்டையிட்டுவிட்டு ஆமை எங்கே போகிறது? கடலில்லாத ஊர்க்காரர்களின் கடலாமை அனுபவங்கள்

பாலக்கோட்டிலிருந்து:
தர்மபுரிக்காரனுக்குக் கடலாமை எதற்கு என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். சென்னையில் படித்தபோது ஒரு பிப்ரவரி இரவு, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஆமை முட்டை தேடி நடக்கும் மாணவர்களோடு நானும் போனேன். 1988இலிருந்து வருடா வருடம் நடக்கிறார்கள். மணலில் நடந்து நடந்து கால் விட்டுப்போய், திரும்பிவிடலாமா என்று யோசித்த நேரத்தில் சின்ன டிராக்டர் சக்கரம் ஏறின மாதிரி ஒரு தடம், அதன் முனையில் பங்குனி ஆமை (ஆலிவ் ரிட்லி என்கிற கடலாமை). பின்துடுப்பால் குழி தோண்டி, நூற்றுச்சொச்சம் முட்டை இட்டு, மூடி, உடம்பை இப்படியும் அப்படியும் ஆட்டி மணலைக் கெட்டித்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் அலையில் இறங்கிவிட்டது. நாய் நோண்டிவிடும் என்பதால் முட்டைகளை எடுத்துப் போய் வேலி போட்ட பொரிப்பகத்தில் புதைத்தார்கள். எனக்கு மனசெல்லாம், இது இப்போ எங்கே போகும் என்பதுதான். காலையில் பாட்டிக்குப் போன் போட்டுச் சொன்னால், "ஆமை புகுந்த வீடு உருப்படாதுடா, குளிச்சிட்டு உள்ள போ" என்றது. உங்களில் யாராவது பார்த்திருந்தால் எழுதுங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து:
தம்பி, நான் லாரிக்காரன், எனக்கு இது நன்றாகவே புரிகிறது. ஆமையின் துடுப்பில் எண் போட்ட உலோகப் பட்டை மாட்டுகிறார்களே, அது டோல்கேட் ரசீது மாதிரி. வண்டி இங்கே தாண்டியது, அங்கே தாண்டியது, அவ்வளவுதான் தெரியும். 2021இல் ஒடிசாவில் 03233 என்று எண் மாட்டிய ஒரு பங்குனி ஆமை, 2025 ஜனவரியில் மகாராஷ்டிராவின் குஹாகர் கரையில் ஏறி முட்டையிட்டது. கிழக்குக் கரையில் மாட்டியது மேற்குக் கரையில் வந்து நிற்கிறது, குறைந்தது 3,500 கி.மீ. என்று கணக்குச் சொன்னார்கள். இலங்கையைச் சுற்றிப் போனதா, பாம்பன் பக்கம் புகுந்து போனதா, நடுவில் எங்கே மேய்ந்தது, அந்தப் பட்டைக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு நம்ம வண்டியில் இருக்கிற மாதிரி ஜி.பி.எஸ். வேண்டும். இன்னொன்று, ஆண் ஆமை கரைக்கே வராது, அதனால் நமக்குக் கிடைக்கிற கதையெல்லாம் பெரும்பாலும் பெண் ஆமைகளின் கதைதான்.

ஓசூரிலிருந்து:
அண்ணா, அந்த ஜி.பி.எஸ். சமாச்சாரத்தை நான் பெங்களூரில் ஒரு பேச்சில் கேட்டேன், வேலை முடித்து பஸ் ஏறிப் போனதுக்கு வீண் போகவில்லை. டிரான்ஸ்மிட்டரைப் பங்குனி ஆமையின் ஓட்டின் மேல் பசை போட்டு ஒட்டுகிறார்கள். ஆனால் ரேடியோ அலை உப்புத் தண்ணீரைத் தாண்டாது, ஆமை மூச்சு விட மேலே வரும் அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் செயற்கைக்கோளுக்குச் சிக்னல் போகும். 2001இல் ஒடிசாவின் தேவி ஆற்று முகத்தில் நாலு ஆமைகளுக்கு ஒட்டினார்கள், ஒன்று இலங்கைப் பக்கம் இறங்கியது, சில மாதத்திலேயே நாலும் பேசுவதை நிறுத்திவிட்டன. என்னை அசரவைத்தது சின்ன அந்தமானில் முட்டையிடும் தோணி ஆமைகள், லெதர்பேக் என்கிற பெரிய கடலாமைகள். சில தென்கிழக்கே ஆஸ்திரேலியாப் பக்கம், சில மேற்கே ஆப்பிரிக்கா பக்கம். ஒன்று மொசாம்பிக் வரை, 266 நாளில் 13,000 கி.மீ.க்கு மேல். எல்லாம் சொறி மீன் தின்னத்தான்! திரையில் புள்ளி நகர்ந்துகொண்டே போனது, ஒரு இடத்தில் நின்றது. செத்துவிட்டதா என்று ஒரு பெண் கேட்டாள். பேட்டரி தீர்ந்திருக்கலாம், கழன்று விழுந்திருக்கலாம், வலையிலும் மாட்டியிருக்கலாம் என்றார் பேசியவர். அப்புறம் கொஞ்ச நேரம் யாரும் கேள்வி கேட்கவில்லை.

பென்னாகரத்திலிருந்து:
நான் கடலையே இரண்டு தடவைதான் பார்த்திருக்கிறேன். எங்கப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுகிறார். கோடையில் தண்ணீர் வற்றும்போது மணல் திட்டில் வெயில் காயும் ஆமையைப் பார்ப்போம், ஓடு தோல் மாதிரி இருக்கும், மூக்கு குழாய் போல நீண்டிருக்கும், பரிசல் நெருங்கினால் தொபுக்கென்று உள்ளே. லீத் ஆமை என்று பேர். இதுவும் நீர்நாயும் முதலையும் இருக்கிற, தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காட்டில் ஒரு பகுதியை 2022இல் காவேரி தெற்கு சரணாலயமாக அறிவித்தார்கள். சின்ன வயசில் அப்பாவிடம் இது நீந்திப் பூம்புகார் போகுமா என்று கேட்டிருக்கிறேன். "மேட்டூர்ல அணை இருக்குதுடா" என்றார். அணை இல்லாவிட்டாலும் இது ஆற்று ஆமை, உப்புத் தண்ணீர் இதற்கு ஒத்துவராது என்று பிறகுதான் படித்தேன்.

மறுபடி பாலக்கோட்டிலிருந்து:
2025 ஜனவரியில் சென்னைப் பக்கம் ஆயிரத்துக்கும் மேல் பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியபோது பழைய நண்பன் ஒருவன் படம் அனுப்பினான். இழுவை வலையில் மாட்டினால் மேலே வந்து மூச்சு விட முடியாது, அவ்வளவுதான். படத்தைப் பெரிதாக்கித் துடுப்பில் எண் இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை.

கிருஷ்ணகிரியிலிருந்து:
பசங்களைக் கூட்டிப் போகணும் தம்பி. எந்த மாதம் வரலாம்?

பாலக்கோட்டிலிருந்து:
ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை, வார இறுதி இரவு வாங்கண்ணா. அந்த மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு வாங்க. டார்ச் மட்டும் வேண்டாம், வெளிச்சம் பட்டால் கரையேறாமல் திரும்பிவிடும். ஆமை கிடைக்காமல் விடியவும் விடியலாம், எனக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது.