ஸ்டார்ட்டிஎல்எஸ் என்பதற்குத் தமிழ்: ‘இடைமறைப்பு’ ஏன் ஆகாது

கடலூரிலிருந்து

தமிழாக்கக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

மின்னஞ்சல் செயலியின் அமைப்புப் பக்கத்தில் ‘இணைப்புப் பாதுகாப்பு’ என்னும் தலைப்பின்கீழ் வரும் மூன்று தெரிவுகளில் முதலாவதை மட்டும் ‘ஏதுமில்லை’ என்று தமிழாக்கிவிட்டு, டிஎல்எஸ், ஸ்டார்ட்டிஎல்எஸ் என்னும் மற்ற இரண்டும் நெறிமுறைகளின் பெயர்கள் என்பதால் அவற்றை ஆங்கில எழுத்திலேயே விட்டுவிடலாம் என்று சென்ற மாதம் இங்கே எழுதியவன் நான்தான். அந்தக் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

திருப்பாதிரிப்புலியூரில் எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். நம்முடைய தமிழாக்கத்தை அவருடைய மடிக்கணினியில் நிறுவிக் கொடுத்திருந்தேன். இரண்டு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தபோது, அஞ்சல்கள் தடையின்றி வந்துகொண்டிருந்தன. ஆனால் அமைப்புப் பக்கத்தில் 143 என்னும் துறை எண்ணும் (இணைப்பு நுழையும் வாயிலின் எண்), அதற்கு நேரே ‘ஏதுமில்லை’ என்னும் தெரிவும் இருந்தன. ஏன் இதைத் தேர்ந்தீர்கள் என்று கேட்டேன். “மூன்றில் ஒன்றுதானே தம்பி தமிழில் இருந்தது? படிக்கத் தெரிந்ததைத்தானே தொடுவேன்” என்றார். அதோடு நில்லாமல், ‘பாதுகாப்பு: ஏதுமில்லை’ என்பதைப் பாதுகாப்புக்குக் குறை ஏதுமில்லை என்றுதான் தாம் பொருள் கொண்டதாகவும் சொன்னார். இலக்கணம் படித்தவர் எச்சமாகவே படிப்பார் என்பது எனக்குத் தோன்றாமல் போயிற்று.

அவருடைய அஞ்சல் வழங்கியை (அஞ்சல்களை வாங்கி வைத்துத் தரும் கணினியை) நடத்துபவர்கள் மறைகுறியாக்கம் (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி அனுப்புதல்) இல்லாத இணைப்பையும் ஏற்றுக்கொள்கிறவர்களாக இருந்ததால், அவருக்குப் பிழைச்செய்தி எதுவும் வரவில்லை. அவருடைய அனுமதியோடு, அவர் வீட்டு வலையமைப்பிலேயே போக்குவரத்தைப் பதிவுசெய்து காட்டினேன். உள்நுழைவு வரியில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அஞ்சலட்டையில் எழுதியதுபோலக் கிடந்தன. மாதம் ஒருமுறை புதுச்சேரிக்குப் போய்த் தங்கும் விடுதியின் வைஃபையிலும் இதே கணினியைத்தான் அவர் திறந்திருக்கிறார்.

ஆகவே மற்ற இரண்டு தெரிவுகளுக்கும் தமிழ்ப் பெயர் வேண்டும். பெயர் சூட்டுமுன் அவை இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

முதலாவதில், செயலி வழங்கியைத் தொட்டவுடனேயே டிஎல்எஸ் கைகுலுக்கல் (மறைகுறியாக்க நெறிமுறையான டிஎல்எஸ்ஸில் இரு பக்கமும் திறவுகோலை முடிவுசெய்யும் பேச்சு) நடந்துவிடுகிறது. வணக்கச் செய்திகூட அதற்குப் பிறகுதான் வருகிறது. அஞ்சலைப் பெறும் நெறிமுறைகளான ஐமேப்புக்கு 993, பாப்3க்கு 995, அனுப்புவதற்கு 465 ஆகிய எண்கள் இதற்குரியவை. இரண்டாவதில் இணைப்பு வெளிப்படையாகவே தொடங்குகிறது. வழங்கி தன்னால் இயன்றவற்றைப் பட்டியலிடும்போது ‘ஸ்டார்ட்டிஎல்எஸ்’ (பாப்3இல் ‘எஸ்டிஎல்எஸ்’) என்று ஒரு வரி சொல்கிறது; செயலி அதே சொல்லைத் திருப்பிச் சொல்கிறது; அனுப்பும் வழங்கியாக இருந்தால் ‘220’ என்று தொடங்கும் விடை வருகிறது; அதன் பிறகே கைகுலுக்கல் நடந்து, அதே இணைப்பு மறைகுறியாக்கத்துக்கு மாறுகிறது. 143, 110, 587 ஆகியவை இவ்வகைக்குரிய எண்கள்.

‘ஸ்டார்ட்’ என்னும் சொல்லை நம்பி இரண்டாவதைத் ‘தொடக்க டிஎல்எஸ்’ என்று பெயர்த்தால் நேர் எதிர்ப்பொருள் வந்துவிடும் என்பதைக் கவனியுங்கள். தொடக்கத்திலிருந்தே டிஎல்எஸ் உள்ளது முதலாவதுதான். சில பழைய செயலிகள் முதலாவதை ‘எஸ்எஸ்எல்’ (டிஎல்எஸ்ஸுக்கு முன்னிருந்த நெறிமுறை) என்றும் இரண்டாவதை ‘டிஎல்எஸ்’ என்றும் அழைத்துக் குழப்பத்தை முன்பே தொடங்கிவைத்துவிட்டன. இன்றைக்கு இரண்டிலும் ஓடுவது டிஎல்எஸ்தான். எஸ்எஸ்எல் 3.0 பதிப்பை 2015ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டிலிருந்து விலக்கிவிட்டார்கள்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு ‘முதல்மறைப்பு’, இரண்டாவதற்கு ‘இடைமறைப்பு’. கருத்துகளை எழுதுங்கள்.

புதுச்சேரியிலிருந்து

அன்புள்ள தம்பிக்கு,

வணக்கம். உங்கள் ஆசிரியர் செய்ததையே நானும் செய்திருப்பேன். ‘ஏதுமில்லை’ என்பதை முதலில் மாற்றுங்கள். எது இல்லை என்று சொல்லாத ‘இல்லை’யைப் பட்டியலில் வைக்கக்கூடாது.

‘இடைமறைப்பு’ எனக்கு ஏற்புடையதன்று. அதை ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்; பிறகு ‘இடைமறிப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். ஓர் ஐகாரத்துக்கும் ஓர் இகரத்துக்கும் உள்ள வேறுபாடுதான். தகவலை நடுவழியில் பிடித்துப் பார்ப்பதற்கு நாம் ஏற்கெனவே ‘இடைமறிப்பு’ என்றுதான் எழுதிவருகிறோம். பாதுகாப்புக்கான தெரிவும் அதைக் குலைக்கும் செயலும் ஓர் எழுத்தின் இடைவெளியில் நின்றால், தட்டச்சுப் பிழை ஒன்று போதும், உதவிப் பக்கம் முழுவதும் தலைகீழாகிவிடும். திரைவாசிப்பான் வைத்துக் கேட்கிறவர்களுக்கு வேறுபாடு காதில் விழுமா என்பதும் ஐயமே. ‘வழிமறைப்பு’ என்று மாற்றலாம் என நினைத்துவிடாதீர்கள். அது ‘வழிமறிப்பு’க்குப் பக்கத்து வீடு.

இன்னொன்று, இந்த வகை இணைப்பில் உள்ள குறையே இடைமறிப்புத்தான் என்று நீங்களே முன்பொரு மடலில் விளக்கியிருந்தீர்கள். வழங்கி சொல்லும் அந்த ஒரு வரியை நடுவிலிருப்பவன் அழித்துவிட்டால், வழங்கிக்கு அந்தத் திறமே இல்லை என்று செயலி நினைத்துக்கொள்ளும். ‘இயன்றால் மட்டும் மறை’ என்ற தெரிவில் இருக்கும் செயலி, சரி போகட்டும் என்று கடவுச்சொல்லை அப்படியே அனுப்பிவிடும். நோயின் பெயரையே மருந்துக்கும் வைத்த கதையாகிவிடும்.

‘முதல்மறைப்பு’ பற்றியும் ஒரு சொல். புணர்ச்சி விதிப்படி லகரம் மகரத்தின்முன் னகரமாகும்; முதல் என்பதிலிருந்து முதன்மை வருவது அப்படித்தான். ஆகவே சேர்த்தெழுதினால் ‘முதன்மறைப்பு’ என்றுதான் எழுதவேண்டும். எழுதினால் ‘முதன்மையான மறைப்பு’ என்று படிப்பார்கள். விதியை மீறினால் என்னைப் போன்றவர்கள் சண்டைக்கு வருவோம், விதியைப் பின்பற்றினால் பொருள் கெடும். இப்படிப்பட்ட சொல்லை விட்டுவிடுவதே நல்லது.

வெறும் ‘குறியாக்கம்’ என்று போகவும் வேண்டாம். எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோட், டிஸ்கி முறைகளின் காலத்திலிருந்து எழுத்துக் குறியாக்கம் என்று நாம் எழுதிவருவது வேறு பொருளில். பிரெஞ்சுக்காரர்களுக்கும் இங்கே நிம்மதி இல்லை. மறைகுறியாக்கத்துக்கு ‘ஷிஃப்ரமான்’ என்பதே சரி, ‘கிரிப்தாஷ்’ தவறு என்று அவர்களுக்குள் ஓயாத வழக்கு. மின்னஞ்சலுக்குக் ‘கூரியேல்’ என்னும் சொல்லை 2003ஆம் ஆண்டு பிரெஞ்சு அரசு அலுவல் சொல்லாக அறிவித்தது. எங்கள் ஊரில் பிரெஞ்சு பேசுகிறவர்கள் பலர் இன்னும் ‘மெயில்’ என்றே சொல்கிறார்கள். கலைச்சொல்லுக்கு அரசாணை போதாது, வாய்க்கு எளிதாகவும் இருக்கவேண்டும்.

அதனால் என் விருப்பம் ‘உறை’. கடிதத்தை உறையிலிட்டு ஒட்டுவது எல்லோரும் அறிந்தது. ‘உறையிட்ட இணைப்பு’, ‘பின்னர் உறையிடும் இணைப்பு’ என்று வைக்கலாமே? மறைப்பு என்பதையே வைத்துக்கொள்வதானால் ‘முன்மறைப்பு’, ‘பின்மறைப்பு’ என்றாவது மாற்றுங்கள்.

கடலூரிலிருந்து

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

வணக்கம். ‘இடைமறைப்பு’ என்னும் சொல்லை அடித்துவிட்டேன். இரண்டு நாள் அந்தச் சொல்லோடு புழங்கியும் எனக்கு அந்த ஒலியொற்றுமை கேட்கவில்லை என்பது வியப்பாக இருக்கிறது.

‘உறை’ என்னும் சொல் எனக்கும் பிடித்ததே. அஞ்சலட்டைக்கு எதிர்ச்சொல்லாகவும் அழகாக அமைகிறது. ஆனால் அஞ்சல் துறையில் அந்த இடம் காலியாக இல்லை. அஞ்சலை அனுப்பும் எஸ்எம்டிபி நெறிமுறையில், மடலின் தலைப்பில் தெரியும் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் வேறு. வழங்கிகள் தமக்குள் சொல்லிக்கொள்ளும் முகவரிகள் வேறு. பின்னதைத்தான் அத்துறையினர் உறை என்கிறார்கள். திரும்பிவரும் அஞ்சல் எந்த முகவரிக்குத் திரும்பவேண்டும் என்பதை முடிவுசெய்வது அந்த உறையில் உள்ள முகவரியே. நாளைக்கு அந்தப் பகுதியைத் தமிழாக்கும்போது ‘உறை’ கட்டாயம் தேவைப்படும். அந்த உறை எதையும் மறைப்பதும் இல்லை. ‘காப்பு’ என்பதையும் எண்ணிப் பார்த்தேன்; காப்புநகல் என்று நாம் முன்பே வேறொன்றுக்குக் கொடுத்துவிட்டோம். ‘பூட்டிய இணைப்பு’ என்றால் திறக்காத இணைப்பு என்று பொருள்படுகிறது. மேலே ‘அஞ்சல் துறை’ என்று நானே எழுதியதைப் பார்த்தால், 993 போன்றவற்றுக்குத் ‘துறை எண்’ என்று வைத்ததும் சிக்கல்தான். ஆனால் முதுநகர்த் துறைமுகத்தைப் பார்த்து வளர்ந்த என்னால் அதை விட்டுக்கொடுக்க முடியவில்லை, அதைத் தனி மடலில் பேசுவோம்.

‘பின்மறைப்பு’ குறுகிய நல்ல சொல். எனக்குள்ள தயக்கம் ஒன்றே: எதற்குப் பின் என்பதை அது சொல்லவில்லை. கடவுச்சொல் போன பின்பா, அஞ்சல் போன பின்பா என்று படிப்பவர் கேட்டால் விடை சொல்லில் இல்லை. சரியாக அமைத்த செயலியில், மறைகுறியாக்கம் வந்த பிறகுதான் கடவுச்சொல் புறப்படும். அந்த நம்பிக்கையைச் சொல் கெடுத்துவிடக்கூடாது. பெயர்ச்சொல்லாகத்தான் அமையவேண்டும் என்ற பிடிவாதத்தை விட்டுவிட்டு, வினையெச்சத்தைக் கொண்டு அமைத்துப் பார்த்தேன்:

இணையும்போதே மறைப்பு
இணைந்தபின் மறைப்பு
மறைப்பு இல்லை

பட்டியலில் இந்த வரிசையிலேயே வைக்க விரும்புகிறேன். நம்முடைய செயலி இப்போது ‘இல்லை’ என்பதை முதலில் காட்டுகிறது, படிக்கிறவர் கண் முதலில் போய் நிற்பதும் அங்கேதான். ‘மறைப்பு’ என்பது மெனுவில் வரும் ‘மறை’ என்னும் கட்டளையை நினைவூட்டும் என்று யாரேனும் சொல்லக்கூடும். உதவிப் பக்கத்தில் மறைகுறியாக்கம் என்று முழுமையாக எழுதிவிட்டு, தெரிவுப் பட்டியலில் மட்டும் சுருக்கமாக மறைப்பு என்று வைத்தால் அந்தக் குழப்பம் வராது என்று நினைக்கிறேன்.

முதலாவதையே முதலில் வைப்பது என் விருப்பம் மட்டும் அன்று. 2018ஆம் ஆண்டு வெளிவந்த ஆர்எஃப்சி 8314 என்னும் இணையத் தரநிலை ஆவணம், பயனரின் செயலிக்கும் வழங்கிக்கும் இடையே இந்த வகையையே பரிந்துரைக்கிறது. 465 என்னும் எண்ணின் கதை இதில் சுவையானது. 1997ஆம் ஆண்டில் இதற்கென்று பதிவாகி, சில காலத்திலேயே பறிக்கப்பட்டு, வேறொரு சேவைக்கும் கைமாறிய அந்த எண்ணுக்கு, இந்த ஆவணம்தான் பழைய வேலையை முறைப்படி திருப்பிக் கொடுத்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் பல வழங்கிகள் எந்தப் பதிவையும் பொருட்படுத்தாமல் அதையே பயன்படுத்திவந்தன. இன்னொரு காரணமும் உண்டு. வெளிப்படையாகத் தொடங்கி நடுவில் மாறும் இணைப்பில், மாறும் அந்தக் கணம் வழுக்கலானது. மாறுவதற்குமுன் நடுவிலிருப்பவன் செருகிய கட்டளைகளை வழங்கி நினைவில் வைத்திருந்து, மாறியபின் அவை பாதுகாப்பாக வந்தவை என்று எண்ணி நிறைவேற்றிவிடும் வழு ஒன்றை, போஸ்ட்ஃபிக்ஸ் என்னும் அஞ்சல் வழங்கி மென்பொருளை உருவாக்கிய வீட்சே வெனெமா 2011ஆம் ஆண்டு தம்முடைய மென்பொருளிலேயே கண்டு திருத்தி வெளியிட்டார். வேறு பல மென்பொருள்களிலும் அதே வழு இருந்தது. இதனால் இரண்டாவது தெரிவு கெட்டது என்று ஆகிவிடாது. 587 மட்டுமே தரும் வழங்கிகள் நிறைய உள்ளன, அவற்றுக்கு அதுவே சரி. ‘இயன்றால் மட்டும்’ என்னும் அரைகுறைத் தெரிவு எங்காவது இருந்தால் அதைத் தமிழாக்காமல் நீக்கச் சொல்லி நிரலாளர்களுக்கு எழுதுவோம்.

கடவுச்சொல் வகையில் ‘இயல்பான கடவுச்சொல்’ என்றிருப்பதைப் பார்த்து, அது வெளிப்படையாகப் போகுமோ என்று அஞ்சி மடல் எழுதிய நண்பருக்கு: மேலே உள்ள இரண்டு மறைப்புகளில் ஒன்று இருந்தால் அது மறைகுறியாக்கத்துக்கு உள்ளேதான் போகிறது.

மூன்று வரிகளையும் அச்சிட்டு நேற்று மாலை ஆசிரியரிடம் கொண்டுபோனேன். விளக்கம் எதுவும் சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்து, முதல் வரியின்மேல் விரலை வைத்தார். எண்ணை 993 என்று மாற்றினோம். அனுப்பும் பக்கத்தில் 465. பழைய கடவுச்சொல்லையும் அன்றே மாற்றச் சொல்லி, புதியதை அவர் கையாலேயே இடச் செய்தேன். பிறகு மூன்றாவது வரியைக் காட்டி, “இது எதற்கு இருக்கிறது?” என்று கேட்டார். ஒரே கணினிக்குள் சோதனை வழங்கி வைத்துப் பார்ப்பவர்களுக்கு என்றேன். “அப்படியென்றால் அதையும் எழுதிவிடுங்கள்” என்றார்.

எழுதிவிட்டேன். ‘மறைப்பு இல்லை (சோதனைக்கு மட்டும்)’ என்பதே மூன்றாவது வரி. மறுப்பு இருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள்; திங்களன்று மொழிபெயர்ப்புக் கோப்பில் ஏற்றிவிடுகிறேன்.