ஸ்பிரின்ட் எல்லாம் பச்சை, யார்டு கேட்ல லாரி வரிசை. அஜைல்னா இவ்வளவுதானா?

தண்டையார்பேட்டை_டெஸ்டர்:
கிண்டியில ஒரு கம்பெனியில டெஸ்டரா இருக்கேன். கன்டெய்னர் யார்டுக்கான சாஃப்ட்வேர் எங்களோடது. அஜைல் முறைன்னு சொல்லி வேலையை ரெண்டு ரெண்டு வாரத் துண்டா, அதாவது ஸ்பிரின்ட்டா, பிரிச்சுப் பண்றோம். காலை ஸ்டாண்டப் மீட்டிங் முக்கால் மணி நேரம் இழுக்குது, ஒவ்வொருத்தரா மேனேஜர் மூஞ்சியப் பார்த்து ஒப்பிக்கணும். ஸ்டோரி பாயின்ட், அதாவது வேலையோட அளவுக்கு நாங்களே போடற மதிப்பு, போன தடவையைவிடக் குறைஞ்சா விசாரணை. அதனால 3 பாயின்ட் வேலைக்கு 5 போடறோம். சார்ட் ஏறுது, எல்லாருக்கும் சந்தோஷம்.

மணலி பக்கம் ஒரு யார்டுல எங்க வீட்டு மாப்பிள்ளை கேட் கிளார்க். போய்ப் பக்கத்துல உட்கார்ந்து பார்த்தேன். லாரி உள்ள வரும்போது பதியற எங்க கேட்-இன் ஸ்கிரீன்ல, சீல் நம்பர் (பெட்டிக் கதவுல போடற முத்திரையோட எண்) இல்லாம சேவ் ஆகாது. காலி கன்டெய்னருக்கு ஏதுங்க சீல்? மனுஷன் அந்தக் கட்டத்துல வரிசையா ஜீரோவா அடிச்சு விடறார். கூட்டம் ஏறிட்டா நோட்டுல நம்பரைக் கிறுக்கிட்டு லாரியை விட்டுடறார், ராத்திரி உட்கார்ந்து ஏத்தறார். இதே ஸ்கிரீன் எங்க வேலை போர்டுல 'டன்', அதாவது முடிஞ்ச வேலை. டெமோல கைதட்டல் வேற.

ராயபுரம்_ஜாவா:
தல, 2001 பிப்ரவரியில யூட்டாவுல ஸ்னோபேர்ட்ல 17 பேர் கூடி அஜைல் அறிக்கைன்னு எழுதினது 4 மதிப்பு, கூடவே 12 கொள்கை. அதுல பாயின்டும் கிடையாது, சார்ட்டும் கிடையாது. அஜைல்ல ஒரு வகையான ஸ்க்ரமோட கைடுலகூட ஸ்டோரி பாயின்ட் பத்தி ஒரு வரி இல்ல. டெய்லி ஸ்க்ரம், அதான் உங்க ஸ்டாண்டப், 15 நிமிஷம்தான், அதுவும் டெவலப்பர்ஸ் தங்களுக்குள்ள பேசிக்க. 'நேத்து என்ன, இன்னிக்கு என்ன, என்ன தடை'ங்கிற மூணு கேள்வியையே 2020 பதிப்புல தூக்கிட்டாங்க.

வியாசர்பாடி_பழையகை:
கைடைப் படிச்சுக் காட்டினா மேனேஜர் மாறிடுவாரா தம்பி? கான்ட்ராக்ட்லயே தேதி, காசு, வேலை மூணையும் கட்டிப் போட்டுட்டு அதை ரெண்டு ரெண்டு வாரமா நறுக்கினா, நடுவுல கத்துக்கிட்டதை வெச்சு எதை மாத்த முடியும்? ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோட சேர்ந்து வேலை செய்யறது பெருசுன்னு அந்த 17 பேரே எழுதியிருக்காங்க. நம்ம ஊர்ல முதல்ல காத்துல விடறது அந்த வரியைத்தான்.

மேனேஜர்கிட்ட தத்துவம் பேசாதீங்க. 'டன்'னா என்னன்னு மட்டும் மாத்தச் சொல்லுங்க: ஒரு கிளார்க் நிஜ லாரியை நிறுத்தி, நோட்டைத் தொடாம என்ட்ரி போட்டு முடிச்சாத்தான் டன். முதல்ல ஒரே ஒரு கேட்டுக்கு ரிலீஸ். போர்டுல டெஸ்டிங்குக்கான பத்தியில 3 வேலைக் கார்டுக்கு மேல நிக்கக் கூடாது. ரொம்பிடுச்சுன்னா புதுசா கோட் எழுதறதை நிறுத்திட்டு டெவலப்பரும் டெஸ்ட்டுக்கு வரட்டும். எங்க டீம்ல இது ஒண்ணே பாதி சண்டையைக் குறைச்சுது.

அப்புறம், சீல் சோதனையை மொத்தமா எடுத்துடாதீங்க. சரக்கு ஏத்தின பெட்டிக்கு அது வேணும். கன்டெய்னர் நம்பர்ல 4 எழுத்து, 7 எண். கடைசி எண் சரிபார்க்கத்தான் இருக்கு. தப்பா அடிச்சா அங்கேயே ஸ்கிரீன் கத்தணும். அதைப் பண்ணியிருக்கீங்களா?

தண்டையார்பேட்டை_டெஸ்டர்:
இல்லண்ணே, எதை அடிச்சாலும் வாங்கிக்குது. பேக்லாக்ல, அதாவது இனிமே செய்ய வேண்டிய வேலைப் பட்டியல்ல, அடியில கிடக்கு. சனிக்கிழமை ரெண்டு டெவலப்பரை யார்டுக்குக் கூட்டிட்டுப் போறேன், மாப்பிள்ளை அங்க கேட்டுச் சொல்லிட்டார்.

வியாசர்பாடி_பழையகை:
ஷூ போட்டுட்டு வரச் சொல்லுங்க, செருப்போட பல யார்டுல உள்ள விட மாட்டாங்க. லேப்டாப் வேணாம். வரிசை நீளமா இருக்கற நேரமாப் பார்த்துப் போங்க, காலியா இருக்கும்போது எந்த ஸ்கிரீனும் நல்லாத்தான் ஓடும்.