ரெகுலேட்டர் இல்லாத பிசிபி ஏர் ரைபிள்: 25 மீட்டர்ல குரூப் சிதறுது, ரெகுலேட்டர் போட்டா சரியாயிருமா?

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
வணக்கமுங்க எல்லாருக்கும். ஆறு மாசம் முன்ன ஒரு .177 இன்ச் பிசிபி (டியூப்ல காத்த அடைச்சு சுடற ஏர் கன்) வாங்குனேன், செகண்ட் ஹேண்ட் தான், பட்ஜெட் மாடல், ரெகுலேட்டர் (ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரே அழுத்தத்துல காத்து விடற பாகம்) கிடையாது, 100 சிசி காத்து டியூப், 200 பார் அழுத்தம் வரைக்கும் ஃபில் பண்ணலாம்னு போட்டுருக்கு. கம்பெனி பேரெல்லாம் வேண்டாம், இந்த டிசைன்ல பத்து பேர்ல விக்கறாங்க. ஹேண்ட் பம்ப்ல தான் அடிக்கறேன், தோள்பட்டை போச்சு அது வேற கதை.

பிரச்சனை என்னன்னா தோப்புல 25 மீட்டர்ல வெச்சு சுட்டா 10 பெல்லட்டும் ஒரே எடத்துல போக மாட்டீங்குது, நாலு நாலரை சென்டி அகலத்துக்கு செதறுது. பெல்லட் நல்ல பிராண்டு, ஜேஎஸ்பி எக்ஸாக்ட், 8.44 கிரெய்ன் எடை, அதனால பெல்லட்ட குத்தம் சொல்ல முடியாது. யூடியூப்ல பாத்தா எல்லாரும் ரெகுலேட்டர் இல்லாத கன்னுல வேகம் ஏறி எறங்கும் அதனால தான் செதறும்கறாங்க. நேத்து ராத்திரி ஒரு ரெகுலேட்டர் ஆர்டர் வேற போட்டுட்டேன். போட்டா சரியாயிருங்களா? ஸ்பிரிங்க இன்னும் கொஞ்சம் டைட் பண்ணி பவர் ஏத்தினா செதறல் கொறையும்னு ஒரு ஃப்ரெண்டு சொல்றான், அதும் நெசமா?

நாஞ்சில்_பெல்லட்:
ரெகுலேட்டர் போடுங்க மக்கா, கண்ண மூடிட்டு போடுங்க. நான் போட்டேன், மொத ஷாட்டும் கடைசி ஷாட்டும் ஒரே மாதிரி வருது, நிம்மதி. 120 பார்ல செட் பண்ணி விட்டாச்சு, பொறவு தொடவே இல்ல.

மதுரை_பழைய_கிளப்:
ரெகுலேட்டர் பெட்டிய பிரிக்காதீங்க தம்பி, மொதல்ல ரெண்டு கேள்விக்கு பதில் சொல்லுங்க. குரோனோ (பெல்லட் வேகம் அளக்கற மெஷின்) இருக்கா? குரூப், அதாவது பேப்பர்ல விழுந்த ஓட்டைங்க, மேலயும் கீழயுமா நீளுதா, இல்ல இடமும் வலமுமா அகலுதா?

ஏன் கேக்குறேன்னா வேகம் மாறுனா பெல்லட் மேல கீழ தான் போகும், பக்கவாட்டுல போகாது. சும்மா மனக்கணக்குதான், நீங்களே போட்டுப் பாருங்க. 8.44 கிரெய்ன் 800 எஃப்பிஎஸ்ல (நொடிக்கு 800 அடி) கிளம்புனா 25 மீட்டர் போக சுமார் 0.11 செகண்ட் ஆகும், அந்த நேரத்துல கிட்டத்தட்ட ஆறு சென்டி விழும். வேகம் 3 சதவீதம் குறைஞ்சா விழுறது 6 சதவீதம் கூடும், அவ்வளவுதான், அதாவது மூணு நாலு மில்லி. உங்க கன்னு எவ்வளவு மோசமா ஏறி எறங்கினாலும் 25 மீட்டர்ல ஒரு சென்டிக்கு மேல வித்தியாசம் வர்றது கஷ்டம். நாலரை சென்டிய ரெகுலேட்டர் தலைல கட்ட முடியாது. 50 மீட்டர்னா கதை வேற, அங்க விழுறதே 25 சென்டி பக்கம், அப்ப இதே ஏத்த எறக்கம் நாலு சென்டியா நிக்கும்.

ஸ்பிரிங்க டைட் பண்ணாதீங்க. ஏன்னு அப்பறம் சொல்றேன், மொதல்ல நம்பர் வரட்டும்.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
அண்ணா நன்றிங்க. குரோனோ ஃப்ரெண்டுகிட்ட கடன் வாங்கி இன்னிக்கு காலைல 30 ஷாட் வரிசையா அடிச்சு எழுதுனேன். 200 பார்ல ஆரம்பிச்சு 105ல நிறுத்துனேன். மொத ஷாட் 748, 755, 761ன்னு மெல்ல ஏறி எட்டாவது ஷாட்டுல 793, பதினேழு பதினெட்டுல 817, அப்பறம் எறங்கி இருவத்தேழாவது 792, முப்பதாவது 766. நான் நெனச்சேன் காத்து நெறைய இருக்கறப்ப தான் வேகமா போகும்னு, இங்க தலகீழா இருக்குதுங்க!

குரூப் பாத்தீங்கன்னா நீங்க கேட்ட மாதிரியே, அகலத்துல தான் இருக்குது. மேல கீழ ஒரு சென்டி கூட வராது. இத்தன நாளா டார்கெட் பேப்பர நான் ஒழுங்கா பாக்கவே இல்ல போல.

மதுரை_பழைய_கிளப்:
அருமையா எழுதிருக்கீங்க, இந்த முப்பது நம்பர் தான் உங்க கன்னோட ஜாதகம்.

தலகீழ் எல்லாம் இல்ல தம்பி, ரெகுலேட்டர் இல்லாத கன்னு அப்படித்தான். வால்வ மூடி வச்சிருக்கறது உள்ள இருக்கற காத்தோட அழுத்தம்தான், கூட ஒரு சின்ன ஸ்பிரிங். ட்ரிகர இழுத்தா, நீங்க டைட் பண்ண நெனச்ச ஸ்பிரிங் தள்ளி, ஹாமர்ங்கற சுத்தி வந்து வால்வு தண்ட தட்டும். டியூப்ல 200 பார் இருக்கறப்ப அது அழுத்தி பிடிச்சிட்டு இருக்கும், ஹாமர் தட்டுனாலும் சட்டுனு தெறந்து சட்டுனு மூடிரும், காத்து கம்மியா வரும், வேகம் கம்மி. இது ரொம்ப முத்திப்போனா ஷாட் டப்புனு செத்த மாதிரி வரும், வால்வ் லாக்குனு சொல்லுவாங்க. அழுத்தம் எறங்க எறங்க வால்வு கொஞ்சம் அதிகமா, அதிக நேரம் தெறந்திருக்கும், வேகம் ஏறும். ஒரு கட்டத்துல வால்வு எவ்வளவு தெறந்தாலும் தள்ளறதுக்கு அழுத்தமே பத்தாது, அப்ப எறங்க ஆரம்பிக்கும். அதான் உங்களுக்கு குன்று மாதிரி வந்துருக்கு.

அந்தக் குன்றோட உச்சிய மட்டும் வெட்டி எடுத்துக்கங்க. எட்டாவது ஷாட்ல இருந்து இருவத்தேழாவது வரைக்கும் 20 ஷாட், 792ல இருந்து 817, மொத்தமே 25 எஃப்பிஎஸ் தான் வித்தியாசம். 30 ஷாட்டுக்கு 95 பார் செலவாகியிருக்கு, ஷாட்டுக்கு மூணு பார் சொச்சம், அப்ப எட்டாவது ஷாட் கிட்டத்தட்ட 178 பார்ல வந்திருக்கும். அதனால இனிமே 200 வரைக்கும் அடிக்காதீங்க, 175, 178ல நிறுத்துங்க, 115 வந்தா மறுபடி பம்ப எடுங்க. தோளும் தப்பிச்சது. கன்னுல இருக்கற அந்த சின்ன கேஜ நம்பாதீங்க, பம்ப்ல இருக்கற கேஜோட ஒத்துப் பாருங்க, பத்து பதினஞ்சு பார் பொய் சொல்ற கேஜ் நெறைய பாத்திருக்கேன். ரெண்டுல எது பொய் சொன்னாலும் பரவால்ல, தினமும் ஒரே பொய்யச் சொன்னா போதும்.

லெஸ்டர்_தவம்:
வணக்கம். நான் இஞ்ச இங்கிலாந்தில இருக்கிறன், என்னட்டையும் இதே மாதிரி ஒரு துவக்கு இருக்கு. மதுரை அண்ணை சொன்னது முழுக்கச் சரி, ஆனா ஒரு விசயத்தைச் சொல்லோணும். தம்பியின்ர துவக்கு உச்சத்தில 817, அதாவது 17 ஜூல் கிட்ட. இஞ்ச எண்டால் பெல்லட்டின்ர சக்திக்கு 12 அடி-பவுண்ட் தான் எல்லை, 8.44 கிரெய்னுக்கு அது சரியா 800 எஃப்பிஎஸ், அதைத் தாண்டினால் லைசென்ஸ் வேணும். ஸ்கொட்லாந்தில 2016 கடைசியில இருந்து அதுக்குக் குறைஞ்சதுக்கும் சேர்டிபிகேட் எடுக்கோணும். அதால நாங்கள் எல்லாரும் ஹாமர் ஸ்பிரிங்கைத் தளர்த்தித் தான் பழக்கம், இறுக்கிப் பழக்கமில்லை.

தளர்த்தினால் என்ன நடக்கும் எண்டால் குன்று அப்பிடியே குறைஞ்ச பார் பக்கம் நகரும். உச்ச வேகம் கொஞ்சம் குறையும், ஆனா ஷாட் கூட வரும். தம்பியின்ர கணக்கைப் பாருங்கோ, 100 சிசி டியூப்பில 63 பார் இறங்கினால் 6.3 லீட்டர் காத்து, 20 ஷாட்டுக்கு. ஒரு ஷாட்டுக்கு 315 சிசி. இது ஊதாரித்தனம். ஹாமர் தேவைக்கு மேல அடிக்குது, பெல்லட் பேரலை விட்டுப் போனாப் பிறகும் வால்வு திறந்து கிடக்கு. சுடேக்க பெரிய சத்தமா இருக்கும், அப்பிடியா?

பெஞ்சமின் டிஸ்கவரி எண்டு ஒரு அமெரிக்கத் துவக்கு, அதுக்கும் ரெகுலேட்டர் இல்லை, ஃபில்லே 2000 பிஎஸ்ஐ தான், 138 பார். அதை வச்சே சனம் வடிவாச் சுட்டுக்கொண்டு திரிஞ்சது.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
சத்தமா, பக்கத்து தோப்புக்காரரு என்ன வெடின்னு வந்து எட்டிப் பாக்கறாருங்க. நம்ம ஊர்ல லிமிட் எவ்வளவுங்க? அகல செதறலுக்கு காரணம் இன்னும் புடிபடல.

மதுரை_பழைய_கிளப்:
நம்ம ஊர்ல .177 வரைக்கும், 20 ஜூலுக்கு உள்ள இருந்தா லைசென்ஸ் வேண்டாம், 2016 ஆயுத விதிகள்ல இருக்கு. 8.44 கிரெய்ன் 270 மீட்டர் வேகத்துல போனா கிட்டத்தட்ட 20 ஜூல், எஃப்பிஎஸ்ல 885. உங்க ஃப்ரெண்டு பேச்ச கேட்டு ஸ்பிரிங்க இறுக்கிட்டே போனா அந்த கோட்டத் தொட்டுருவீங்க, கனமான பெல்லட் போட்டா இன்னும் சீக்கிரம் தொடும். லெஸ்டர்காரர் சொன்ன பக்கம் போங்க.

பின்னாடி பிளக்குல ஹாமர் ஸ்பிரிங் ஸ்க்ரூ இருந்தா கால் சுத்து தளர்த்துங்க, மறுபடி முழு வரிசையும் குரோனோல அடிங்க, எழுதுங்க, மறுபடி கால் சுத்து. ஒரே நாள்ல மூணு விஷயத்த மாத்தாதீங்க, எது வேலை செஞ்சதுன்னே தெரியாது. சில மாடல்ல அந்த ஸ்க்ரூவே இருக்காது, அப்ப ஸ்பிரிங்க வெட்டுறதுக்கு முன்னாடி ஒரு ஸ்பேர் வாங்கி வச்சுக்கங்க, வெட்டுனது திரும்ப வளராது. ஒரு வேள கழட்டணும்னு வந்தா உள்ள காத்து துளி கூட இருக்கக்கூடாது, கேஜ் ஜீரோ காட்டுனாலும் நம்பாம டீகேஸ் பண்ணுங்க, அதாவது மிச்ச காத்த முழுசா வெளிய விடுங்க. ஓ-ரிங்குக்கு சிலிகான் கிரீஸ் மட்டும், மெஷின் ஆயில் தேங்காண்ணெய் எதுவும் வேண்டாம், அழுத்தக் காத்துல எண்ணெய் பட்டா டீசல் எஞ்சின் மாதிரி பத்திக்கும். ஆக்சிஜன் சிலிண்டர்ல ஃபில் பண்ணலாமான்னு ஒருத்தர் இங்க முன்னாடி கேட்டாரு, அப்படி பண்ணா கன்னு வெடிக்கும், விளையாட்டு இல்ல.

அகல செதறலுக்கு வருவோம். எத்தன மணிக்கு சுடுறீங்க? பேரல புடிச்சு ஆட்டிப் பாத்தீங்களா?

நாஞ்சில்_பெல்லட்:
மேகசின்ல பெல்லட்டு தலை நசுங்குதான்னும் பாருங்க. எனக்கு மொதல்ல அப்படித்தான் இருந்துச்சு, ஒரு பக்கம் சீவிட்டு போவும். ஒவ்வொண்ணா ட்ரேல போட்டு சுட்டா தெரிஞ்சிரும். ரெகுலேட்டர் போட்ட அன்னைக்கே மேகசினையும் மாத்துனேன், இப்ப யோசிச்சா எது சரி பண்ணுச்சோ தெரியல 😅

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
அண்ணா நீங்க கேட்டதுக்கப்பறம் தான் பேரல புடிச்சு பாத்தேன், லேசா ஆடுது! ரிசீவர்ல பேரல புடிக்கற குட்டி ஸ்க்ரூ ரெண்டுல ஒண்ணு லூசா கெடந்துச்சு. முன்னாடி பேரலும் டியூப்பும் சேர்ற பேண்டும் ஒரு பக்கமா இழுத்துட்டு இருந்துச்சு, டியூப்ல காத்து ஏற எறங்க அது பேரல தள்ளுது போல. டைட் பண்ணி பேண்ட நடுவாக்கிட்டேன். பேரல்ல துணிய விட்டு இழுத்தா கரி மாதிரி ஈயம், ஏழெட்டு துணிக்கப்பறம் தான் வெள்ளையா வந்துச்சு.

நேரம் கேட்டீங்க, சாயங்காலம் நாலு அஞ்சு மணிக்குங்க, வேலை முடிஞ்சு.

மதுரை_பழைய_கிளப்:
ஆடி மாசம், பொள்ளாச்சி, சாயங்காலம் நாலு மணி! பாலக்காட்டு கணவாய்ல இருந்து தென்னமட்டைய ஆட்டிட்டு வருமே ஒரு காத்து, அத கணக்குல எடுத்தீங்களா தம்பி? நொடிக்கு 5 மீட்டர் குறுக்குக் காத்துன்னா 25 மீட்டர்லயே பெல்லட் மூணு சென்டி ஒதுங்கும். அது ஒரே சீரா அடிச்சா பரவால்ல, விட்டு விட்டு அடிக்கும், அதான் உங்க அகலம். நாளைக்கு விடிகாலைல ஓலை அசையாதப்ப சுட்டுட்டு சொல்லுங்க. அப்படியே டார்கெட்டுக்கு பின்னாடி மணல் மூட்டை இருக்கான்னு உறுதி பண்ணிக்கங்க, விடிகாலைல தோப்புல ஆள் நடமாட்டம் இருக்கும். அணில் மயில்னு எதையும் பாத்து ஆசைப்படாதீங்க, காட்டுயிர் சட்டத்துல மாட்டுவீங்க.

லெஸ்டர்_தவம்:
ஹாஹா, நாங்கள் இஞ்ச காத்துப் பாக்கிறதுக்கு ஒரு நூல்துண்டைத் துவக்கின்ர நுனியில கட்டி விடுறது. ஒரு சதமும் செலவில்லை.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
ஒரு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்கங்க, தேங்கா வெட்டு இருந்துச்சு.

ஹாமர் ஸ்க்ரூ மொத்தம் முக்கா சுத்து தளர்த்திருக்கேன். இப்ப 165 பார்ல ஆரம்பிச்சு 105 வரைக்கும் 25 ஷாட், உச்சம் 790, அடி 768. 60 பாருக்கு 6 லிட்டர், ஷாட்டுக்கு 240 சிசி, தவம் அண்ணா கணக்கு போட்டு பாத்துக்கங்க. சத்தம் பாதி கொறஞ்சுது, பக்கத்து தோப்புக்காரரு வர்றதில்ல. காலைல ஆறு மணிக்கு உக்காந்து பெஞ்சுல வெச்சு சுட்டேன், நூலும் கட்டுனேன். 10 ஷாட் ஒரு ரூபா காசுக்குள்ள அடங்குது, ஒண்ணே ஒண்ணு வெளிய போச்சு, அது என் கை தான். அதே கன்னு அதே பெல்லட் சாயங்காலம் சுட்டா மறுபடி மூணு சென்டி, அப்ப நூல் படுத்துட்டு இருக்குது.

ஒண்ணு மட்டும் கேக்கணும். பம்ப் அடிச்ச ஒடனே 165 காட்டுது, டீ குடிச்சுட்டு வந்து பாத்தா 158. லீக்குங்களா?

லெஸ்டர்_தவம்:
இல்லைத் தம்பி, காத்துச் சூடு ஆறினது. அடிக்க அடிக்கச் சூடாகும், ஆறினால் இறங்கும். ஐம்பது அடிச்சால் ஐந்து நிமிசம் விடுங்கோ, பம்புக்கும் நல்லது. அடுத்த நாள் காலமையும் 158ல நிண்டால் லீக் இல்லை. பம்பில சிலிக்கா ஜெல் இருந்தால் மாத்துங்கோ, உங்கட ஊர் ஈரப்பதத்துக்கு டியூப்புக்குள்ள தண்ணி சேரும்.

பொள்ளாச்சி_தென்னந்தோப்பு:
காலைலயும் 158 தானுங்க 🙏 ரெகுலேட்டர் நேத்து கொரியர்ல வந்துருச்சு. பெட்டி பிரிக்கல. நாஞ்சில் அண்ணா, உங்க ஃப்ரெண்டு யாருக்காவது வேணும்னா சொல்லுங்க, வாங்குன வெலைக்கே தர்றேன்.

நாஞ்சில்_பெல்லட்:
கொரியர் சார்ஜ் யாரு தருவா?